டிராப்பர் சீட்போஸ்ட்

டிராப்பர் சீட்போஸ்ட் என்பது மலை மிதிவண்டியின் இருக்கையை, ஓட்டிக்கொண்டிருக்கும்போதே தாழ்த்தவும் உயர்த்தவும் உதவும் இருக்கைத் தண்டு ஆகும். ஒன்றனுள் ஒன்று நகரும் இரு குழாய்களைக் கொண்ட இது, பெரும்பாலும் கைப்பிடியில் உள்ள நெம்புகோலால் இயக்கப்படுகிறது.

தேவை

மேட்டில் ஏறும்போது இருக்கை உயரமாக இருந்தால்தான் கால் நன்கு நீண்டு முழு விசையுடன் மிதிக்க முடியும். செங்குத்தான இறக்கத்தில் அதே உயரம் இடையூறாகிறது. உடலைத் தாழ்த்தவோ பின்னுக்கு நகர்த்தவோ இருக்கை விடுவதில்லை. முன்சக்கரம் கல்லிலோ வேரிலோ முட்டினால், கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறியப்படும் ஆபத்து கூடுகிறது.

வரலாறு

1984 இல் அமெரிக்காவின் ஜோ பிரீஸ், ஜோஷ் ஏஞ்சல் ஆகியோர் ஹைட்-ரைட் என்னும் சுருள்வில்லை வெளியிட்டனர். இருக்கைப் பிடியைத் தளர்த்தினால் இவ்வில் இருக்கையைப் பழைய உயரத்துக்குத் தூக்கும். 2000களின் தொடக்கத்தில் கிராவிட்டி டிராப்பர் போன்ற தண்டுகள் வந்தன. 2010 இல் அறிமுகமான ராக்‌ஷாக்ஸ் ரிவர்ப் பரவலான வரவேற்பைப் பெற்றது. 2022 மார்ச்சில் சுலோவீனிய வீரர் மத்தேய் மொஹோரிச், இத்தண்டு பொருத்திய சாலை மிதிவண்டியில் மிலான்–சான் ரெமோ பந்தயத்தை வென்றார்.

செயற்பாடு

நெம்புகோலை அழுத்தினால் கம்பிவடமோ நீரியல் அழுத்தமோ தண்டினுள் இருக்கும் அடைப்பிதழைத் திறக்கும். அப்போது உடல் எடையைக் கொடுத்தால் இருக்கை இறங்கும். எடையை எடுத்தால் அழுத்தப்பட்ட வாயு அதை மேலே தள்ளும். பெரும்பாலான தண்டுகளில் நெம்புகோலை விட்ட இடத்தில் இருக்கை நிலைத்துவிடும்.

தேர்ந்தெடுத்தல்

முதலில் பார்க்க வேண்டியது விட்டம். 30.9, 31.6 மி.மீ. அளவுகள் பரவலானவை, 27.2, 34.9 மி.மீ. அளவுகளும் உண்டு. இது சட்டகத்தின் இருக்கைக் குழாய்க்குச் சரியாகப் பொருந்த வேண்டும்.

அடுத்தது இறங்கும் நீளம். மிதிப்பதற்கு ஏற்ற உயரத்தில் இருக்கையை வைத்து, இருக்கைப் பிடியின் மேல்விளிம்பிலிருந்து இருக்கைக் கம்பி வரை அளக்க வேண்டும். இது 230 மி.மீ. எனக் கொள்வோம். தண்டின் கழுத்து வளையமும் தலைப்பகுதியும் சேர்ந்து 50 மி.மீ. என்றால், 170 மி.மீ. இறங்கும் தண்டுக்கு 220 மி.மீ. போதும், அது பொருந்தும். 200 மி.மீ. தண்டுக்கு 250 தேவை. அதை வாங்கினால் முழுதும் உயர்ந்த நிலையில் கால் மிதிக்கு எட்டாது.

மூன்றாவது, செருகும் ஆழம். கீழ்க்குழாய் சட்டகத்தின் வளைவிலோ, பின் அதிர்வுத்தாங்கியின் இணைப்பிலோ முட்டக்கூடாது. தண்டில் குறித்துள்ள குறைந்தபட்சச் செருகு அளவுக்கு மேல் வெளியே இழுத்துப் பொருத்துவதும் ஆபத்தானது.

பயன்படுத்துதல்

இறக்கத்துக்குள் நுழையும் முன்பே இருக்கையைத் தாழ்த்திவிட வேண்டும். உள்ளே போனபின் உட்கார்ந்து அழுத்த நேரம் இருக்காது. தாழ்த்தியபின் மிதிகளைக் கிடைமட்டமாக வைத்து, எழுந்து நின்று, முழங்கைகளையும் முழங்கால்களையும் சற்று மடக்கி ஓட்ட வேண்டும். கரடுமுரடான சமதளத்துக்குப் பாதி உயரம் பொருந்தும். தாழ்ந்த இருக்கையில் அமர்ந்தபடி நெடுந்தூரம் மிதித்தால் முழங்கால் வலிக்கும்.

பராமரிப்பு

ஓட்டி முடித்ததும் மேல்குழாயிலும் வளையத்திலும் படிந்த சேற்றைத் துடைக்க வேண்டும். இருக்கை மெதுவாக ஏறினால், முதலில் இருக்கைப் பிடியைப் பார்க்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால் கீழ்க்குழாய் நசுங்கி உராயும். தயாரிப்பாளர் குறித்த முறுக்குவிசைக்கு மேல் இறுக்கக்கூடாது. கம்பிவடத்தின் அழுக்கும் தளர்வும் அடுத்துப் பார்க்க வேண்டியவை. இருக்கை பக்கவாட்டில் மிகச் சிறிது அசைவது இயல்பு. அசைவு கூடிக்கொண்டே போனால் பழுது பார்க்க வேண்டும்.