அந்தமானில் குடியேறலாமா?

"அந்தமானில் வேலை கிடைத்துள்ளது, குடும்பத்தோடு குடியேறலாமா?" என்று நம்மிடம் வினவுவோர் உளர். தாராளமாகச் செல்லலாம். தமிழ் பேசும் அயலார் அங்கு உண்டு. 1984-ல் தனி மறைமாவட்டமும் நிறுவப்பெற்றது. ஆண்டில் பெரும்பகுதி மழை பொழிந்தும், கோடையில் தலைநகரிலேயே குடிநீர்த் தட்டுப்பாடு நேர்வதுண்டு. 2004 ஆழிப்பேரலையையும் மறத்தற்கில்லை.

ஆயினும் நம் மனத்தை உறுத்துவது, ஊரில் விடப்படும் முதியோரின் நிலையே. போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சென்னைக்குக் கப்பலில் ஏறத்தாழ மூன்று நாட்கள். விமானம் விரைவில் சேர்க்கும். திடீரெனப் புறப்படுவோர்க்குக் கட்டணம் எளிதன்று. நள்ளிரவில் அழைத்தாலும் தாய்க்கு நோயில்பூசுதல் அளிக்க நாம் சென்றுவிடுவோம். அடக்கத்திற்கு மகன் வந்து சேர்வானா? தம்முடன் வந்து வாழ இசைவாரா என, வேலையை ஒப்புக்கொள்ளுமுன் அத்தாயையே கேட்டறிதல் நன்று.