உழவர்கரையில் குடைமிளகாய்ச் சாகுபடி: களையும் கண்டுமுதலும்

புதுச்சேரியை அடுத்த உழவர்கரை, பெயரிலேயே உழவரைத் தாங்கிய ஊர். பிரெஞ்சு ஆட்சியில் ஒரு கொம்யூனாக இருந்த இப்பகுதி, 1954-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி இந்தியாவின் நிர்வாகத்தின் கீழ் வந்தது. இன்று நகராட்சியாக விளங்குகிறது. வீட்டுமனைகள் பெருக விளைநிலம் சுருங்கி வருவதால், சிறு பரப்பில் மிகுபயன் தரும் பயிரை நிலமுடையோர் நாடுவது இயல்பே. குடைமிளகாய் அத்தகையது, விற்பதற்கு நகரச் சந்தையும் அருகிலுள்ளது. ஆயினும் இயற்கை முறையில் இதனைப் பயிரிடுவோர்க்குக் களைக்கொல்லி ஆகாது. ஆதலால் களைக்கூலி மிகுந்து லாபத்தை விழுங்கிவிடுவதுண்டு. இதற்குப் பரிகாரம், நடவுக்குப் பின்னரன்றி, நடவுக்கு முந்திய கோடையிலேயே தொடங்க வேண்டும்.

பருவம்

குடைமிளகாய் குளிர்ச்சியை விரும்பும் செடி. பகல் வெப்பம் 32 பாகைக்கு மேலும் இரவு வெப்பம் 24 பாகைக்கு மேலும் நீடித்தால் பூ உதிரும். காய் பிடிப்பது குறையும். புதுச்சேரியில் இரவு சற்றுக் குளிர்ந்திருப்பது டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலேயே. ஆகையால் அக்டோபரில் நிழற்கூரையின் கீழ்க் குழித்தட்டுகளில் விதைத்து, ஐந்து வாரத்து நாற்றுகளை, பெருமழை தணியும் நவம்பர் இறுதியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ மேட்டுப்பாத்திகளில் நடுதல் நலம். இக்குறுகிய பருவத்தில் களையால் செடி பின்தங்கினால், மார்ச் வெயிலில் அக்குறையை ஈடு செய்ய இயலாது.

கோடையில் செய்ய வேண்டியவை

இவ்விடத்துக் களைகளுள் கோரையே கொடியது. மேலே அறுத்தால் அடியிலுள்ள கிழங்கிலிருந்து மீண்டும் துளிர்க்கும். பாலிதீன் விரிப்பையும் துளைத்து வெளிவரும். ஆனால் உலர்ச்சியை அதன் கிழங்கு தாங்காது. ஏப்ரல், மே மாதங்களில் ஈரம் வற்றிய நிலத்தை இரண்டு வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை ஆழ உழுது, கிழங்குகளைக் கத்திரி வெயிலில் காயவிட்டுப் பொறுக்கி அகற்ற வேண்டும். மிளகாய்க்குப் பகையான வெயில் இங்கே உழவனுக்குத் துணையாகிறது.

ஆடியில் சணப்பையை நெருக்கமாக விதைத்தால், அதன் நிழலில் கோரையும் சாரணையும் நலியும். சுமார் 45 நாட்களில், பூக்கும் தறுவாயில், அதனை மடக்கி உழுதால் தழையெருவுமாகும். பாத்திகளை நடவுக்குச் சில வாரம் முன்பே அமைத்து, மழையில் முளைக்கும் களைகளைக் களைக்கொட்டால் மேலாகச் சுரண்டி அழிக்க வேண்டும். அப்பொழுது ஆழக் கொத்தினால் அடியில் உறங்கும் விதைகள் மேலே வந்துவிடும்.

எருவும் மூடாக்கும்

மக்காத சாணத்தில் களைவிதைகள் உயிருடன் இருக்கும். நன்கு சூடேறி மக்கிய எருவையே ஏக்கருக்குச் சுமார் 10 டன் இட வேண்டும்.

நாற்றுகள் வேர் கொண்டபின், வைக்கோலை மூன்று நான்கு அங்குல கனத்தில் பரப்ப வேண்டும். தண்டை ஒட்டிக் குவித்தலாகாது. வைக்கோலை மண்ணோடு கலந்தால், அது மக்கும்போது தழைச்சத்தைக் கவர்ந்துகொள்ளும். ஆதலால் மேலேயே கிடத்தல் வேண்டும். கோரிமேட்டுப் பக்கத்துச் செம்மண் விரைவில் காய்வது. மூடாக்கு அதன் ஈரத்தைச் சமமாகக் காப்பதால், காயின் நுனி அழுகுவதும் குறையும். வைக்கோலைத் துளைத்து வரும் கோரையைத் தோன்றியவுடன் பிடுங்க வேண்டும். நட்ட முதல் எட்டு வாரம் பாத்தியில் களையிராவிடின், பிறகு செடியின் நிழலே பெரும்பாலும் களையை அடக்கிவிடும்.

சோதனை

முதலாண்டில் ஐந்து சென்ட் நிலத்தில் மட்டும் பயிரிட்டுப் பார்த்தல் விவேகம். பாதியில் மூடாக்கிட்டு, மறுபாதியை வழக்கம்போல் விட்டு, இரண்டிற்கும் ஆன களைக்கூலியையும் பறித்த காயின் எடையையும் தனித்தனியே குறித்து வருக. வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த ஐவர் கூடினால், பங்கேற்பு உத்தரவாத முறையில் இயற்கை விளைபொருள் சான்றுக்குக் குழு அமைக்கலாம். கிராம அலுவலர்கள் அத்தகையோரை ஒன்றுசேர்த்து, அருகிலுள்ள உழவர் உதவியகத்துக்கு அழைத்துச் செல்வாராயின் பெரும் உபகாரமாகும். குறிப்பேட்டில் காணும் கணக்கே அடுத்த ஆண்டில் எத்தனை சென்ட் நடலாம் என்பதைச் சொல்லும்.