கேட்பதற்குள் முடிந்த காரியம்

1974 மே 18 அன்று பொக்ரான் பாலைவனத்துக்கு அடியில் இந்தியாவின் முதல் அணுவெடிச் சோதனை நடந்தது. அதற்கான புளுட்டோனியம் மும்பையின் டிராம்பே அணு மையத்தில் உருவானது. அங்கிருந்த சைரஸ் அணு உலையைக் கொடுத்தது கனடா. கனநீர் தந்தது அமெரிக்கா. ஆக்க வேலைக்கு மட்டுமே பயன்பட வேண்டும் என்பது நிபந்தனை. கனடாப் பிரதமர் பியர் ட்ரூடோ 1971இலேயே இந்திரா காந்திக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதியிருந்தார். ஆனால் சேதி வெளியே வந்தபோது குண்டு வெடித்து முடிந்திருந்தது. இது அமைதிக்கான சோதனைதான் என்றது டெல்லி.

இப்படிப்பட்ட நிலையைச் சொல்ல ஆங்கிலம் பிரெஞ்சிலிருந்து கடன் வாங்கிய தொடர்தான் ‘ஃபெய்ட் அக்கோம்ப்ளி’. நேர்ப்பொருள், செய்து முடித்த செயல். ஆங்கிலத்தில் அதற்கு இன்னும் கொஞ்சம் காரம் உண்டு. ஒருவர் மறுப்பார் என்று தெரிந்தே, அவர் வாய் திறப்பதற்குள் காரியத்தை முடித்துவிட்டு, ‘இனி என்ன செய்ய முடியும்?’ என்று கையை விரிப்பது.

அணு மையத்தின் வேலிக்கு அருகிலேயே இன்னொரு எடுத்துக்காட்டு இருக்கிறது.

மையத்தின் ஊழியர் குடியிருப்பை ஒட்டி ஜனதா காலனி என்ற பெரிய குடிசைப் பகுதி இருந்தது. அந்த நிலம் மையத்துக்கு வேண்டும், மக்கள் காலி செய்ய வேண்டும் என்றார்கள். கோலார் தங்கவயலிலிருந்து பிழைக்க வந்த ஜோக்கின் அற்புதம் என்ற தமிழ் இளைஞர் மக்களைத் திரட்டி, கோர்ட்டுக்குப் போனார். டெல்லிவரை போய் முறையிட்டார். பேச்சு நீண்டுகொண்டே இருந்தது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல், போலீஸ் காவலோடு காலனி இடிக்கப்பட்டது. பல்லாயிரக்கணக்கானோர் டிராம்பேயின் கடலோரச் சதுப்பில் இறக்கிவிடப்பட்டார்கள். அதுதான் இன்றைய சீத்தா கேம்ப். தமிழ் சரளமாகக் காதில் விழும் மும்பைப் பகுதிகளில் அதுவும் ஒன்று.

கோர்ட்டு வாதங்களிலும் இந்தத் தொடர் அடிக்கடி வரும். அனுமதி வாங்காமல் மாடி எழுப்பி, குடிவைத்துவிட்டு, ‘இனி இடித்தால் குடியிருப்பவர்கள் எங்கே போவார்கள்?’ என்று கேட்பது நம்மூரில் புதிதல்ல. 1998இல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவைச் சேர்த்து, விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த அரசே வழி செய்தது.

ஆனால் காரியம் முடிந்துவிட்டால் எதிராளி சும்மா இருந்துவிடுவதில்லை. கனடா அணு உதவியை நிறுத்தியது. அணுப் பொருள்களை விற்கும் நாடுகள் கூடி, ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட ஒரு குழுவையே அமைத்தன. ஜோக்கினும் ஓயவில்லை. தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை வளர்த்தார். குடிசைகளை மக்களே கணக்கெடுத்து, அந்தப் பட்டியலோடு அதிகாரிகளிடம் போய்ப் பேசும் முறையைப் பரப்பினார். 2000இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

இந்தத் தொடரைக் கையாளும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். ‘ஃபெய்ட்’ காதுக்கு ஆங்கிலத்தில் விதியைக் குறிக்கும் சொல்போல ஒலிப்பதால், ‘தலையெழுத்து’ என்ற பொருளில் சிலர் எழுதிவிடுகிறார்கள், அது பிழை. புயலில் கூரை பறந்ததற்கும், ரயிலைத் தவறவிட்டதற்கும் இது பொருந்தாது. யாரோ ஒருவர் முடிவெடுத்திருக்க வேண்டும். கேட்க வேண்டிய இன்னொருவரைக் கேட்காமல் விட்டிருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் தாராளமாக எழுதலாம்.