பருந்தும் காமிராவும்

ஹெப்பகோடியில் வாழும் நம்மவர் விடுமுறை நாளில் வானத்தை நிமிர்ந்து நோக்கினால், கரும்பருந்தும் செம்பருந்தும் வட்டமிடக் காணலாம். அவற்றைப் புகைப்படம் எடுப்பது நல்லதொரு பொழுதுபோக்கு. வெயில் ஏறியதும் தரை சூடாகிக் காற்று மேலெழும். அதன்மேல் இப்பறவைகள் சிறகசைக்காமல் மிதக்கும். ஆதலின் முற்பகலே ஏற்ற வேளை. படம் கலங்காதிருக்க, காமிராவின் கதவம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே திறந்து மூடுதல் நன்று.

மைசூர்ச் சாலையிலுள்ள இராமநகரத்தின் பாறைக் குன்றுகளில் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகுகள் கூடு கட்டுவதுண்டு. அவற்றுக்கென 2012-இல் அங்கே சரணாலயம் அமைந்தது. மாடுகளுக்கு வலி தீர அளித்த டைக்ளோபினாக் மருந்து, இறந்த மாட்டின் இறைச்சி வழியே பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1990-களில் அவை பெருந்தொகையாக மடிந்தன. 2006-இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்கு அளிப்பதை அரசு தடைசெய்தது.

பாறு ஆண்டுக்கு ஒரு முட்டையே இடும். நாம் நெருங்குவதால் தாய் கூட்டை விட்டு அகன்றால், அவ்வாண்டின் குஞ்சு அழிந்துபோகும். எனவே நேயர்களே, கூட்டை அணுக வேண்டா. படம் ஒன்று தவறினும் பறவை பிழைக்கட்டும்.