வீடும் குடியிருப்போர் தேவையும்

எளியோர்க்கு வீடு கட்டித் தந்ததும் கடமை முடிந்துவிட்டது என்று நாம் பலகாலும் எண்ணிவிடுகிறோம். குடிபுகுந்த பின்னரே தண்ணீர் எங்கிருந்து வரும், குழந்தைகள் எப்பள்ளிக்குச் செல்வர், நோயுற்ற முதியவரை எவ்வாறு மருத்துவமனை சேர்ப்பது என்ற வினாக்கள் எழுகின்றன. இவற்றை முன்னதாகவே குடியிருப்போரிடம் கேட்டறிந்து திட்டமிடுதலே தேவை மதிப்பீடு ஆகும்.

இதன் இன்றியமையாமையை இடுக்கி மாவட்டத்து மூணாறு மலைகள் நமக்கு உணர்த்துகின்றன. அங்குத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்துவரும் தமிழ் மக்கள், லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்கின்றனர். குடிநீர், மருத்துவம், குழந்தைக் காப்பகம், வீடு ஆகியவற்றை அளிக்கும் பொறுப்பை 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்ட உரிமையாளர்மீது சுமத்தியது. சில வசதிகளுக்குத் தொழிலாளர் எண்ணிக்கையையும் குழந்தைகள் எண்ணிக்கையையும் அளவாக வகுத்தது. எண்ணிக்கை வேண்டுவதே, ஆயினும் அது மட்டும் போதாது.

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதையுண்டன. 70 பேரை இழந்தோம். தகவல் தொடர்பு அற்றிருந்தமையால் மறுநாட் காலையில்தான் செய்தி வெளியே எட்டியது. "நள்ளிரவில் இடர் நேர்ந்தால் எவருக்கு, எவ்வழியே அறிவிப்பீர்கள்?" என்பது வீடுகளை எண்ணும் படிவத்தில் இடம்பெறாத வினா. உயிர் காப்பதோ அவ்வினாவே.

லயத்து வீடு வேலையோடு பிணைந்தது. ஓய்வு பெற்றவர் எங்குச் செல்வார் என்பதும் கேட்கப்பட வேண்டும். வீடற்றோர்க்காகக் கேரள அரசு நடத்தும் 'லைஃப்' திட்டத்தின்கீழ் அடிமாலியில் இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட அடுக்ககம் அமைந்துள்ளது. பசு வளர்த்தும் கீரை பயிரிட்டும் பழகிய முதியவர் மேல்மாடியில் வாழ நேரின், அவருக்கு மாற்று வருவாய் யாது, மாடிப்படி ஏற இயலுமா என முன்னரே ஆராய்தல் நன்று.

எவரைக் கேட்பது என்பதும் முக்கியமே. 2015இல் மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கித் தாமே போராட்டம் நடத்தினர். பிறர் தமக்காகப் பேசுவது போதாதென்பதே அவர்கள் கருத்து. ஆகவே பெண்களைத் தனியே கேட்டல் வேண்டும். பகலெல்லாம் கொழுந்து பறிப்பவர்களை மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோதான் காண இயலும்.

மொழியும் கருதத்தக்கது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையர் அரசுடன் தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த இடமளித்தது. கணக்கெடுப்போர் இதனை நினைவிற்கொண்டு, மூணாற்றிலும் பாலக்காட்டுச் சித்தூரிலும் தமிழிலேயே வினவுதல் தக்கது. அட்டப்பாடி இருளர் ஊர்களில் அவர்தம் மொழியறிந்தவர் உடனிருத்தல் நலம்.

இறுதியாக, திரட்டிய விடைகளைக் கிராம சபையில் உரக்கப் படித்துக் காட்டல் வேண்டும். தவறாகக் குறித்ததை மக்களே திருத்துவர். எது முதலில் வேண்டும் என்பதையும் அவர்களே வரிசைப்படுத்துவர். அவ்வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டின் வரைபடத்தை நாம் வரையத் தொடங்குவோமாக.