அம்மம்மாவின் பேச்சையும் நடையையும் பதிந்து வையுங்கள்

2006 ஆகஸ்டில் இங்கிலாந்தில் பீற்றர் ஓக்லி என்ற முதியவர் கமராவின் முன் அமர்ந்து பேசத் தொடங்கினார். பிறந்த ஆண்டான 1927ஐத் தன் யூடியூப் பெயரிலேயே வைத்துக்கொண்டார். இளமை, போர்க்காலம், மனைவி இல்லாத வீடு, அன்றாட முதுமை என நூற்றுக்கணக்கான வீடியோக்களில் பேசிவிட்டு 2014 மார்ச்சில் மறைந்தார்.

அதே ஆகஸ்டில் இலங்கையின் மூதூரில் சண்டை மூண்டு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். பின்னர் அருகிலுள்ள சம்பூர் மக்கள் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் வருடக்கணக்கில் இருந்தார்கள். உடுத்த உடுப்போடு ஓடியவர்களிடம் கல்யாண அல்பம் எங்கே இருக்கும்? அப்படிப்பட்ட குடும்பங்களில் பழைய காலத்துக்குச் சாட்சி, மூத்தவர்களின் வாய்ப்பேச்சுத்தான்.

அம்மம்மா நேற்றுச் சாப்பிட்டதை மறப்பார். குமரியாக இருந்தபோது பெரும்போக வெள்ளாமை வெட்டியதை நாள் கணக்கோடு சொல்வார். பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட நினைவுகளே முதுமையில் அதிகம் மேலெழுகின்றன என்பது உளவியலாளர்கள் பல நாடுகளில் கண்ட உண்மை. பழங்கதை பேசுவது புத்தி தளர்ந்ததன் அறிகுறி அல்ல, வாழ்க்கையைத் தொகுத்துப் பார்க்கும் இயல்பான வேலை என்று 1963இல் மனநல மருத்துவர் ரொபேட் பட்லர் எழுதினார்.

பேச்சும் எழுத்தும் மூளையின் நிலையையும் காட்டும். 1986இல் அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் தொடங்கிய ஆய்வில் 678 கன்னியாஸ்திரிகள் பங்கேற்றார்கள். அவர்களில் சிலர் இருபதுகளில் எழுதிய சுயசரிதைக் குறிப்புகள் மடத்தில் கிடைத்தன. சொற்களுக்குள் கருத்துகளை நெருக்கமாக அடுக்கியவர்களுக்கு முதுமையில் அல்சைமர் குறைவாகவே காணப்பட்டது. எழுத்துத்தான் காத்தது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் ஒருவரின் பழைய சொற்கள் பத்திரமாக இருந்தால், பல பத்தாண்டுகள் கழித்தும் அவை பயன்படும்.

வீடியோ இன்னும் அதிகம் பிடித்து வைக்கும். வயது ஏற ஏற ஆண்களின் குரல் சற்று மெலிந்து உயரும், பெண்களின் குரல் தணியும். தெரிந்த பெயரே நாக்கு நுனியில் நின்றுவிடும். கூடவே இருப்பவர்களுக்கு இந்த மாற்றம் தெரியாது. ஒரு வருட இடைவெளியில் எடுத்த இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துப் பார்த்தால் தெரியும். நடையும் அப்படித்தான். முற்றத்தில் 4 மீற்றர் அளந்து, வழமைபோல் நடக்கச் சொல்லிப் படம் எடுங்கள். அதைக் கடக்க 5 விநாடிக்கு மேல் எடுத்தால், வேகம் விநாடிக்கு 0.8 மீற்றருக்குக் கீழே. தசைத் தளர்வைக் கவனிக்கும் மருத்துவர்கள் பார்க்கும் எல்லை அது. வீடியோவை வைத்து நீங்களே நோய்க்குப் பெயர் வைக்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

இலங்கையில் 2012 குடிசன மதிப்பீட்டிலேயே 60 வயதை எட்டியவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல். பலரின் பிள்ளைகளோ வெளிநாட்டில். வாரந்தோறும் வீடியோ அழைப்பில் பேசுகிறோம். போனை வைத்ததும் பேச்சு போய்விடுகிறது.

அம்மம்மாவை மாதம் ஒருமுறை, பத்து நிமிடம், அதே கதிரையில், பகல் வெளிச்சத்தில் பதியுங்கள். முதலில் அனுமதி கேளுங்கள். அவர் சொல்லாமல் முகநூலில் போடாதீர்கள். போன் பழுதானால் எல்லாம் போகும், ஆகவே இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.