மடலும் கதவும்



இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க் அரசர் பத்தாம் கிறிஸ்தியான், யூதர்களுக்கு ஆதரவாகத் தாமும் மஞ்சள் நட்சத்திரம் அணிந்து வலம் வந்தார் என்று மறையுரைகளில் சொல்லப்படுவதுண்டு. அழகான கதைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. டென்மார்க் யூதர்கள் அந்த நட்சத்திரத்தை அணியுமாறு கட்டாயப்படுத்தப்பட்டதே இல்லை. உண்மையில் நடந்ததோ இந்தக் கதையைவிடப் பெரியது. அதைச் செய்தவர்கள் சாதாரண மக்கள்.

1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மனி டென்மார்க்கை ஆக்கிரமித்தது. மூன்று ஆண்டுகளாக டென்மார்க் அரசு ஆக்கிரமிப்பாளரோடு ஒத்துப்போயே ஆட்சி நடத்தியது. 1943 கோடையில் வேலைநிறுத்தங்களும் எதிர்ப்புச் செயல்களும் பெருகின. ஆகஸ்ட் 29 அன்று ஜெர்மானியர் இராணுவச் சட்டத்தை அறிவித்தனர். அதன் பின்னர் யூதர்களைக் கைதுசெய்து நாடுகடத்தத் திட்டமிட்டனர்.

அந்தத் திட்டத்தை வெளிப்படுத்தியவர் ஒரு ஜெர்மானியரே! கோபன்ஹேகனில் பணியாற்றிய டக்விட்ஸ் என்ற தூதரக அதிகாரி, டென்மார்க் தலைவர்களிடம் செய்தியைச் சொன்னார். செப்டம்பர் 29 காலையில் தொழுகைக்கூடத்தில் ராபி மார்க்குஸ் மெல்கியோர் தம் மக்களை உடனே ஒளிந்துகொள்ளச் சொன்னார். அக்டோபர் 1 இரவு படைவீரர்கள் வந்தபோது பெரும்பாலான வீடுகள் காலியாக இருந்தன. அண்டை வீட்டார், மருத்துவர்கள், ஆசிரியர்கள், போதகர்கள் எனப் பலரும் அவர்களுக்கு அடைக்கலம் தந்திருந்தனர்.

அக்டோபர் 3, ஞாயிறு. கோபன்ஹேகனின் லூத்தரன் ஆயர் புக்ல்சாங் டாம்கோ எழுதிய மடல் ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. யூதரைத் துன்புறுத்துவது பிறரன்புக்கு எதிரானது, நம் ஆண்டவரும் யூத இனத்தில் பிறந்தவரே என்று அது எடுத்துரைத்தது. அதற்குள்ளாகவே மக்களின் கதவுகள் திறந்திருந்தன என்பதுதான் சிறப்பு.

அடுத்த சில வாரங்களில் மீன்பிடிப் படகுகளில் ஏறத்தாழ 7,200 யூதர்கள் கடலைக் கடந்து சுவீடனை அடைந்தனர். எல்லாரும் புனிதர்களாக நடந்துகொள்ளவில்லை. சில படகுக்காரர்கள் பெருந்தொகை கேட்டனர். கில்லெலைய என்ற ஊரில், ஆலயத்தின் மேல்மாடத்தில் ஒளிந்திருந்த ஏறத்தாழ 80 பேர் பிடிபட்டனர். மொத்தம் ஏறத்தாழ 470 பேர் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ 50 பேர் அங்கே இறந்தனர். ஆயினும் பெரும்பாலோர் உயிர்பிழைத்தனர். 1945இல் திரும்பி வந்த பலர், தங்கள் வீடுகளை அயலார் பாதுகாத்து வைத்திருப்பதைக் கண்டனர்.

எனக்கு அடுத்திருப்பவர் யார் என்று சட்ட வல்லுநர் கேட்டபோது, இயேசு நல்ல சமாரியர் உவமையைச் சொன்னார். அடிபட்டவர் எந்த இனம், எந்த மறை என்று சமாரியர் விசாரிக்கவில்லை. டென்மார்க் மக்களும் அப்படியே. ஆபத்தில் இருந்தவர்களை அவர்கள் 'யூதர்கள்' என்று தள்ளிவைக்கவில்லை. 'நம்மவர்கள்' என்றே ஏற்றுக்கொண்டார்கள். இந்த உறவு அக்டோபர் மாதத்து ஓர் இரவில் உருவானதன்று. பல ஆண்டுகள் ஒரே தெருவில் வாழ்ந்து, பேசிப் பழகி வளர்ந்தது அது.

நம் ஆலயங்களிலும் ஆயரின் சுற்றுமடல்கள் வாசிக்கப்படுகின்றன. படியிறங்குவதற்குள் அவற்றை நாம் மறந்துவிடுகிறோமா? நம் தெருவில் வேறு சமயத்தவர், வேறு சாதியினர், வேறு மொழியினர் வாழ்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்? பெயர்கூடத் தெரியாதவருக்கு நள்ளிரவில் கதவைத் திறப்பது கடினம். இன்றே பழகத் தொடங்குவோம். அதற்கான மனதை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.